எக்ஸிமா உள்ள கைக்குழந்தையும் சிங்கப்பூர் வெயிலும்: க்ரீம் கடைசியில்தான்

மருந்துக் கடையில் சன்ஸ்கிரீன் (வெயில் தடுப்புக் க்ரீம்) அலமாரி முன் நின்றுகொண்டு, எந்தக் குழாயை எடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே எக்ஸிமா, நம் பாட்டிமார் சொல்லும் கரப்பான், தொடங்கிவிட்டது. தோல் மருத்துவர் ஒன்று சொன்னார், மருந்தாளர் வேறொன்று சொன்னார், வீட்டுப் பெரியவர்கள் இன்னொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, எது முதலில், எது பிறகு என்று தெளிவு பெறவே பல மாதங்கள் போயின. அந்த வரிசையை உங்கள் கையில் கொடுத்துவிட விரும்புகிறேன்: முதலில் நேரம், பிறகு நிழல், அதன்பின் துணி, எல்லாம் முடிந்து மிஞ்சும் இடத்துக்கு மட்டும் க்ரீம். பெரும்பாலோர் க்ரீமில் தொடங்குகிறோம். எக்ஸிமா தோலுக்கு அதுதான் ஆகவே ஆகாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். இந்த ஊரில் வெயில் எந்த அளவுக்குக் கெடுக்கிறதோ அதே அளவுக்கு வியர்வையும் கெடுக்கும். வெயிலுக்குப் பயந்து குழந்தையைப் போர்த்தி மூடினால், வெப்பமும் வியர்வையும் அரிப்பைக் கிளப்பிவிடும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

1. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதா?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தோல் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், பூசுவது உள்ளே இறங்கும் வாய்ப்பும் அதிகம். அந்த வயதில் நேரடி வெயிலே கூடாது என்பதுதான் விதி. நிழலும் துணியும் எவ்விதத்திலும் போதாத சூழலில் மட்டும், முகம், புறங்கை போன்ற சிறு இடங்களில் மிகக் கொஞ்சமாகப் பூசலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. எக்ஸிமா இருந்தால் அதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

உங்கள் குழந்தை இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை என்றால் 6, 7, 8 ஆகிய படிகளில் சன்ஸ்கிரீன் பற்றிய பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காசும் மிச்சம்.

இளவெயில் பற்றிய கேள்வி இங்கே வரும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்றால் காலை வெயிலில் காட்டச் சொல்வது நம் குடும்பங்களில் வழக்கம். காமாலையின் அளவைப் பரிசோதனையில்தான் அறிய முடியும். அளவு கூடினால் மருத்துவமனையில் ஒளிச் சிகிச்சை கொடுப்பார்கள். வெயில் அதற்கு மாற்று ஆகாது. ஆடை களைந்து வெயிலில் கிடத்தினால் நீரிழப்பும் தோல் எரிச்சலும்தான் மிஞ்சும். வைட்டமின் டி கவலை இருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு சொட்டு மருந்து கொடுப்பது பரவலான வழக்கம். அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

2. முதலில் தோலை அமைதிப்படுத்துங்கள், அதற்கு மருத்துவரைப் பாருங்கள்

சிவந்து, வெடித்து, நீர் கசியும் தோலில் எந்த சன்ஸ்கிரீனும் எரியும். எனவே வெயில் திட்டத்துக்கு முன்பே சிகிச்சை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் நீளம் என்பதால் இந்தப் படியை இன்றே தொடங்குங்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் செலவு குறைந்த வழி அரசாங்கப் பலதுறை மருந்தகம்தான் (பாலிகிளினிக்). ஹெல்த்ஹப் செயலியில் உங்கள் சிங்பாஸ் மின்னிலக்க அடையாளம் வழியாக நுழைந்து, பிள்ளையின் பெயரில் முன்பதிவு செய்யலாம். இரண்டு, நான்கு, ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே எக்ஸிமாவையும் காட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வருகையில் நீங்கள் தாதியை மட்டுமே பார்த்துத் திரும்ப நேரலாம். முன்பதிவின்போதோ பதிவு முகப்பிலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (2022 மே 29 முதல் மின்னிலக்க வடிவில்தான் தருகிறார்கள், கைத்தொலைபேசியில் சேமித்து வையுங்கள்), பிள்ளையின் சுகாதாரக் கையேடு, உங்கள் அடையாள அட்டை, இதுவரை பூசிய ஒவ்வொரு பொருளின் முன்புறப் படமும் உட்பொருள் பட்டியலின் படமும். இவற்றோடு, தோல் மோசமாக இருந்த நாள்களில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களும் வேண்டும். சந்திப்பு நாளன்று பார்த்துத் தோல் பளபளவென்று இருக்கும், மருத்துவர் நம்ப வேறு ஆதாரம் இருக்காது.

நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கவனம் தேவை. புத்தகங்களில் காட்டும் சிவப்பு நம் தோலில் எளிதில் தெரியாது. பெரும்பாலும் பழுப்பாகவோ சாம்பல் பூத்தோ ஊதா கலந்தோதான் தெரியும். அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். சூடாக, சொரசொரப்பாக, தடித்து இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மருத்துவரிடமும் அப்படியே விவரியுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. பூசும் மருந்தில் வெயிலோடு சேரக்கூடாதது எதுவும் உண்டா? டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் வகைக் களிம்பு என்றால் அந்த இடத்தை வெயிலிலிருந்து கட்டாயம் காக்க வேண்டும். சன்ஸ்கிரீன் பூசத் தோல் தயாரா? தோல் திடீரென மோசமானால் எதை, எத்தனை நாள் பூசுவது? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுதி வாங்குங்கள். பிறகு பராமரிப்பு நிலையத்தில் அந்தத் தாள் தேவைப்படும்.

தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியத் தோல் நிலையத்துக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால்தான் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். கடிதம் இல்லாமல் நேராகப் போனால் தனியார் கட்டணம். பலருக்கு இது பில் வந்த பிறகுதான் தெரிகிறது. மானியப் பிரிவில் முதல் சந்திப்புக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்ற அனுமதியில் வந்து குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இந்த மானியங்கள் இல்லை. நிறுவனக் காப்பீட்டில் பிள்ளை சேர்க்கப்பட்டிருக்கிறதா, சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா, தோல் நோய்க்கு விலக்கு ஏதும் உண்டா என்று சந்திப்புக்கு முன்பே மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

3. கடிகாரத்தைப் பாருங்கள், வானத்தை அல்ல

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தப் படியை நிறுத்திப் படியுங்கள். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பன்னிரண்டு மணிக்கு. சிங்கப்பூரில் அது பிற்பகல் ஒரு மணியளவில். தீவு இருக்கும் தீர்க்கரேகைக்கு நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதே காரணம். அப்படியென்றால் இங்கே பிற்பகல் மூன்று மணி வெயில், அங்கே இரண்டு மணி வெயிலுக்குச் சமம். "மூன்று மணி ஆகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று பழைய பழக்கத்தில் கிளம்பினால் கடும் கதிரில் மாட்டிக்கொள்வோம். மறுபுறம் காலை எட்டு மணி இங்கே உண்மையிலேயே இளவெயில்தான், சூரியன் உதித்தே ஒரு மணி நேரம் தான் ஆகியிருக்கும்.

புற ஊதாக் கதிர்க் குறியீட்டைத் தினமும் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கு ஒருமுறை அரசாங்கம் வெளியிடுகிறது. மைஎன்வி செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். 2 வரை குறைவு, 3 முதல் 5 மிதம், 6, 7 அதிகம், 8 முதல் 10 மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் தீவிரம். தெளிவான நாளில் நண்பகலை ஒட்டி இங்கே 11ஐத் தாண்டுவது சாதாரணம். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கதிர் இன்னும் கடுமை.

நாங்கள் கடைப்பிடிக்கும் விதி எளிது. குறியீடு 2 வரை இருந்தால் வெளியே போகலாம். 3 வந்துவிட்டால் நிழலும் நீளக்கை ஆடையும் வேண்டும். 6 என்றால் கைக்குழந்தை வெளியே வர வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டுக்கொள்வோம். நடைமுறையில் காலை ஒன்பதுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று பொதுவாக அமையும்.

மேகத்தை நம்பாதீர்கள். மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் பெருமளவு கடந்து வந்துவிடும். வெப்பம் குறைந்திருக்கும், கதிர் குறைந்திருக்காது. மழை வரும் போல் மூட்டமாக இருக்கிறதே என்று கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகும் ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஆபத்தானவை.

வீட்டில் பணிப்பெண்ணோ தாத்தா பாட்டியோ குழந்தையைக் கீழே கூட்டிப் போகிறார்கள் என்றால், நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். செயலியைப் பார்க்கச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். நேரம் எழுதியிருந்தால் பார்ப்பார்கள்.

4. நிழல் என்பது கூரை, துணி மூடிய தள்ளுவண்டி அல்ல

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் பெரிய வசதி, புளோக்கின் கீழ்த்தளமும் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை செல்லும் கூரையிட்ட நடைபாதைகளும். மழைக்காகக் கட்டியவை, வெயிலுக்கும் அதே பயன். பேட்டையில் ஒருமுறை நடந்து பார்த்து, பேரங்காடிக்கும் மருந்தகத்துக்கும் முழுக்கக் கூரைக்கு அடியிலேயே போகும் பாதையைக் கண்டுபிடித்து வையுங்கள். விளையாட்டுத் திடலின் இரப்பர் தரையையும் சறுக்கு மரத்தையும் குழந்தையை இறக்கிவிடும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

தள்ளுவண்டியின் மேல் மெல்லிய துணியைப் போட்டு மூடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காற்று போக வழியில்லாமல் உள்ளே வெப்பம் ஏறிவிடும். எக்ஸிமா குழந்தைக்கு அடுத்த அரைமணியில் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு வந்துவிடும். வண்டியோடு வரும் கூரையை முழுதாக இழுத்து, பக்கவாட்டில் காற்றோட்டம் உள்ள வெயில் வலையை மாட்டுங்கள். சிறிய விசிறி மாட்டினால் விரல் நுழையாத வகையாக இருக்கட்டும். இருக்கையில் பஞ்சு மெத்தைக்குப் பதில் மெல்லிய பருத்தி விரிப்பு போதும், முதுகு வியர்க்காது.

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், ஏ வகையை விட்டுவிடும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடியும் அப்படித்தான். குழந்தை இருக்கையை வெயில் விழாத பக்கம் வையுங்கள், அல்லது பக்கக் கண்ணாடியில் மாட்டும் திரை வாங்குங்கள். வீட்டில் மேற்கு பார்த்த சன்னலருகே தொட்டில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

5. துணி: காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்

துணி க்ரீமைப் போல எரிச்சல் தராது, ஒவ்வாமை வருவதும் அரிது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியதும் இல்லை. யுபிஎஃப் 50 என்று எழுதிய துணி கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாது. விளையாட்டுப் பொருள் கடைகளில் கைக்குழந்தைக்கான நீளக்கை நீச்சல் உடை ஏறக்குறைய 15 முதல் 30 வெள்ளிக்குக் கிடைக்கும்.

ஆனால் அந்த உடையை நாள் முழுவதும் போட்டுவிடாதீர்கள். செயற்கை நூலில் வியர்வை தேங்கினால் எக்ஸிமா தோல் தாங்காது. அது தண்ணீருக்கும் குறுகிய நேர வெளிவேலைக்கும் மட்டும். அன்றாடத்துக்கு, நெருக்கமாக நெய்த, தளர்வான, நீளக்கைப் பருத்திச் சட்டையும் முழுக் கால்சட்டையும் போதும். துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தாராளமாக வந்தால் கதிரும் வரும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கும் மெல்லிய வெள்ளை ஜிப்பாவெல்லாம் அழகுக்கு நன்று, உச்சிவெயிலுக்கு ஆகாது. நனைந்த பருத்தி பாதுகாப்பை இழக்கும், ஈரமானால் மாற்றிவிடுங்கள். கழுத்துப் பட்டி லேபிளைக் கத்தரித்துவிடுங்கள், தையல் முரடாக இருந்தால் உட்புறம் வெளியே வரும்படி போடலாம். புதுத் துணியை வாசனையில்லாத சோப்புத்தூளில் துவைத்த பிறகே போடுங்கள். வாசனைத் திரவம் சேர்க்க வேண்டாம்.

தொப்பிக்கு சுற்றிலும் விளிம்பு வேண்டும், பின்கழுத்தை மறைக்கும் துணி இருந்தால் இன்னும் நல்லது. முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பியில் காதும் கழுத்தும் வெந்துபோகும். தாடைப் பட்டை கழுத்து மடிப்பில் உரசாமல் பாருங்கள்.

6. சன்ஸ்கிரீன் தேர்வு: முன்பக்கத்தைப் படிக்காதீர்கள்

சிங்கப்பூரில் சன்ஸ்கிரீன் ஒப்பனைப் பொருளாகவே ஒழுங்குபடுத்தப்படுகிறது. "மென்மையானது", "இயற்கையானது", "தோல் மருத்துவர் சோதித்தது", "குழந்தைகளுக்கானது" போன்ற முன்பக்க வாசகங்கள் உங்கள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. ஆனால் உட்பொருள் பட்டியல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். குழாயைத் திருப்புங்கள்.

இருக்க வேண்டியது: கதிர் தடுக்கும் பொருளாக சிங்க் ஆக்ஸைடு, அல்லது அதோடு டைட்டேனியம் டைஆக்ஸைடு. இவை தோலின் மேலேயே தங்கிக் கதிரைத் தடுப்பவை, எரிச்சல் குறைவு. வெயில் தடுப்பு அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல். ஏ, பி இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பும் வேண்டும்.

இருக்கக் கூடாதது: நறுமணம் (பட்டியலில் பர்ஃபம் என்றும் வரும்), லாவெண்டர், எலுமிச்சை போன்ற எண்ணெய்ச் சாறுகள், மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பதப்படுத்தி, ஆக்ஸிபென்ஸோன், ஆக்டோக்ரிலின் என்ற கதிர் உறிஞ்சும் ரசாயனங்கள். பாதாம், ஓட்ஸ், பால் போன்ற உணவுப் பொருள் சேர்ந்தவற்றையும் தவிர்ப்பேன். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் நுழைந்தால் பின்னாளில் அந்த உணவுக்கே ஒவ்வாமை வரக்கூடும். இதே காரணத்துக்காகத்தான் கடலை மாவு, பயத்தம் மாவுக் குளியலையும் எக்ஸிமா குழந்தைக்கு நிறுத்தச் சொல்கிறேன். பெரியவர்களிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள், பாசத்தில்தான் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் வெயில் படாது என்பதும் சரியல்ல. அது சன்ஸ்கிரீனின் வேலையைச் செய்யாது.

தெளிப்பான் வகை வேண்டாம், குழந்தை மூச்சில் இழுக்கும். கொசுவிரட்டியும் சன்ஸ்கிரீனும் ஒன்றாகக் கலந்தது வேண்டவே வேண்டாம். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசுவிரட்டியை அப்படிப் பூசக் கூடாது. டெங்கிப் பகுதியில் இருப்பவர்கள் தள்ளுவண்டிக்குக் கொசுவலை மாட்டுவதே தோலுக்கு நல்லது. இரண்டும் தேவையென்றால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி, அதுவும் நல்ல தோலில் மட்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் என்ற ரசாயனம் சேர்ந்த கொசுவிரட்டி ஆகாது.

சிங்க் ஆக்ஸைடு நம் நிறத்தில் வெள்ளையாகத் தெரியும். அதற்காக வேறு வகைக்கு மாறாதீர்கள். எங்கே பூசாமல் விட்டோம் என்று அந்த வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும்.

விலை ஏறக்குறைய 20 முதல் 40 வெள்ளி. பெரிய குழாயை முதலில் வாங்காதீர்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வீண். குடிமக்களான பிள்ளைகளின் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கை (அரசாங்கமும் பணம் சேர்க்கும் சேமிப்பு) அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, மருந்தகங்களில் பயன்படுத்தலாம். மருத்துவச் செலவு சரி, சன்ஸ்கிரீனும் அதில் அடங்குமா என்று கடை முகப்பில் பணம் செலுத்துமுன் கேளுங்கள்.

7. பூசிப் பார்க்கும் சோதனை: அவசரப்படாதீர்கள்

வாங்கிய அன்றே முகத்தில் பூசிக் கிளம்புவதுதான் மிகப் பெரிய பொறி. தோல் அமைதியாக இருக்கும் வாரமாகப் பாருங்கள். முன்கையின் உட்புறத்தில், எக்ஸிமா இல்லாத இடத்தில், இருபது காசு அளவுக்கு நாளுக்கு இரண்டு முறை, 7 முதல் 10 நாள் பூசுங்கள். தாமதமாக வரும் ஒவ்வாமை முதல் நாளில் தெரியாது. தடிப்பு, அரிப்பு, சொரசொரப்பு எது வந்தாலும் கழுவிவிட்டு நிறுத்துங்கள், குழாயைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்ட வையுங்கள்.

ஒரே வாரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். புது மாய்ஸ்சரைசர் (தோலின் ஈரம் காக்கும் க்ரீம்), புது உணவு, புது சோப்புத்தூள் எல்லாம் காத்திருக்கட்டும். இல்லையென்றால் எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. கடலோர விடுமுறைக்கோ விழாவுக்கோ போகிறீர்கள் என்றால் குறைந்தது மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். முதல் குழாய் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டாவதைச் சோதிக்க நேரம் வேண்டுமே.

8. பூசும் நாள்

மாய்ஸ்சரைசர் முதலில். அது உள்ளிறங்க அரைமணி நேரம் விடுங்கள். உடனே மேலே சன்ஸ்கிரீன் பூசினால் நீர்த்துப்போகும். அதன்பின் சன்ஸ்கிரீன், கிளம்புவதற்குக் கால்மணி முன்பு. கெட்டியான வாஸ்லின் வகைக் களிம்பைப் பகல் வெளிவேலைக்கு முன் தவிர்த்து, இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையை அடைத்துவிடும்.

தேய்க்காதீர்கள். புள்ளி புள்ளியாக வைத்து, ஒரே திசையில், முடி வளரும் பக்கமாகத் தடவுங்கள். கண்ணிமை வேண்டாம். விரல்களை வாயில் வைக்கும் வயதில் உள்ளங்கையும் விரல் நுனியும் வேண்டாம். வெடித்த இடத்தை விட்டுவிட்டு, அதைத் துணியால் மறையுங்கள்.

அளவு: பெட்டியில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் கிடைக்கும். ஒரு வயதுக் குழந்தையின் உடல் முழுக்கப் பூச ஏறக்குறைய 9 கிராம் ஆகும். நீளக்கை ஆடை போட்டு முகம், புறங்கை, பாதம் மட்டும் என்றால் 2 கிராம், அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. அப்படிப் பார்த்தால் 50 மில்லி குழாய் முதல் வழியில் ஆறு முறைக்குள் தீர்ந்துவிடும், இரண்டாம் வழியில் ஏறத்தாழ இருபத்தைந்து முறை வரும். துணியில் செலவழிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், நீரில் நனைந்தாலும் வியர்வையைத் துடைத்தாலும் உடனே. கைக்குழந்தைக்கு இரண்டு மணி நேர வெளிவேலையே அதிகம் என்பது என் கருத்து.

வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல், சோப்பு இல்லாத கழுவும் திரவம், ஒற்றித் துடைத்து ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். சிங்க் ஆக்ஸைடு எளிதில் போகாது, போகவில்லை என்று தேய்க்காதீர்கள். மீண்டும் ஒருமுறை திரவம் தடவி நீர் ஊற்றினால் போதும்.

நீச்சல் குளம் என்றால் காலையில் திறந்ததும் போய், குறுகிய நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். குளோரினை உடனே நன்னீரில் கழுவுங்கள்.

தைப்பூசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதிர் கடுமையாகத் தொடங்கும் மாதங்களில்தான் அது வருகிறது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை கூரை கிடையாது, கூட்டத்தில் நின்று நின்றுதான் நகர முடியும். பால்குடம் நள்ளிரவை ஒட்டியே புறப்படத் தொடங்கிவிடும். கைக்குழந்தையோடு நேர்த்திக்கடன் செலுத்துபவர்கள் விடிவதற்குள் முடியும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பகலில்தான் முடியும் என்றால் குழந்தையை நேராக டேங்க் ரோட்டுக்கு ஒருவர் கொண்டுவரட்டும். திருநீறு, சந்தனம், குங்குமத்தை நெற்றித் தோல் சரியில்லாத குழந்தைக்குச் சட்டையில் தொட்டு வைக்கலாம். எந்த அர்ச்சகரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

ஒளிச் சிகிச்சையைச் சுட்டிக்காட்டி, "எக்ஸிமாவுக்கு வெயில் நல்லது" என்று யாராவது சொல்வார்கள். மருத்துவமனையில் கொடுப்பது குறிப்பிட்ட அலைநீளம், அளந்த நேரம், கண்காணிப்போடு. நண்பகல் வெயில் அது அல்ல. மேலும் எக்ஸிமா ஆறிய இடங்கள் நம் தோலில் கருத்தோ வெளுத்தோ இருக்கும், வெயில் பட்டால் அந்த வேறுபாடு இன்னும் எடுத்துத் தெரியும்.

வெயிலில் தோல் சுட்டுவிட்டால் சற்றே குளிர்ந்த குழாய்நீரில் குளிர்வித்து, பால் அதிகம் கொடுங்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கொப்புளம், சோர்வு, சிறுநீர் குறைவு இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

9. பராமரிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டிய தாள்கள்

கைக்குழந்தைப் பராமரிப்பு உள்ள நிலையங்கள் இரண்டு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன, வெளியே கூட்டிப் போவது அன்றாட அட்டவணையில் உண்டு. சேர்க்கும் நாளில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் மறுவாரம் வேறு ஆசிரியர் இருப்பார். எழுத்தில் கொடுங்கள்.

நிலையத்தின் மருந்து ஒப்புதல் படிவத்தை நிரப்பும்போது மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், மருந்துக் களிம்பு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மருந்துக் களிம்புக்கு மருத்துவரின் குறிப்பு கேட்பார்கள். இரண்டாம் படியில் எழுதி வாங்கச் சொன்ன தாள் இதற்குத்தான். ஒவ்வொரு குழாயிலும் குழந்தையின் பெயர், திறந்த தேதி, எங்கே பூச வேண்டும் என்பதை எழுதி ஒட்டுங்கள். வேறு குழந்தையின் சன்ஸ்கிரீனை எக்காரணத்துக்கும் பூச வேண்டாம் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். கனிவோடுதான் செய்வார்கள், ஆனால் அதில் நறுமணம் இருக்கும்.

கேட்க வேண்டியவை: வெளியே போவது எத்தனை மணிக்கு? திடலில் கூரை உண்டா? வியர்த்தால் ஆடை மாற்றுவார்களா? காலை பத்தரைக்கு மேல் வெளியே போகும் நிலையம் என்றால், ஒன்பது மணிக்குள் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அந்த நேரம் உங்கள் குழந்தை உள்ளே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். மாற்று ஆடை இரண்டும் தொப்பி ஒன்றும் நிலையத்திலேயே இருக்க வேண்டும்.

சன்ஸ்கிரீன் குழாயை காரிலோ தள்ளுவண்டிக் கூடையிலோ விட்டுவைக்காதீர்கள், இந்த ஊர் வெப்பத்தில் கெட்டுவிடும். குழாயின் பின்புறம் திறந்த டப்பாப் படத்துக்குள் 6, 12 என்று எண் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள். புதுக் குழாய் அதே பெயரில் வந்தாலும் உட்பொருள் பட்டியலைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் ஏழாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.